கம்பெனி எடுத்துக்கிச்சு, கேட் எடுத்துக்கல

"யக்கா, லேடீஸ் லைன்ல யாரு நிக்கலாம், யாரு நிக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிற கடைசி வாரத்தில் ரேவதி இப்படிக் கேட்டாள். எங்கள் கேட்டுக்குப் புதிதாக வந்த செக்யூரிட்டிப் பெண். தபாலில் டிகிரி படிக்கிறாள். கேட்டில் புது மெஷின் வைக்கப்போகிறார்கள். அதற்குள் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் போதும், உடம்பில் என்ன வைத்திருக்கிறோம் என்று படமே காட்டிவிடுமாம். யாரும் யார் மேலும் கை வைக்க வேண்டாம். "ஆனா ஆளு உள்ள போறதுக்கு முன்னாடி ஆம்பளை, பொம்பளைன்னு ஒரு பட்டன் அழுத்தணுமாம்க்கா. யாருக்கு எதை அழுத்துறதுன்னு நான் எப்படி முடிவு பண்றது?" என்று அவளுக்குக் கவலை.

நான் வாயைத் திறப்பதற்குள் தன் பாடத்தில் இருப்பதையும் சொன்னாள். பொம்பளை என்பது பிறந்தவுடனே முடிந்துபோகிற விஷயம் கிடையாதாம். நடக்கிறது, நிற்கிறது, கட்டுகிறது, பேசுகிறது என்று தினமும் செய்து செய்துதான் அது ஆகிறதாம். அதிலும் ஒருத்தி வெறும் பொம்பளையாக மட்டும் இருப்பதில்லையாம். சாதி, மதம், கூலி, பாஷை எல்லாம் அவள் மேலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்குமாம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அய்யோ, இதைத்தானே நான் கையில மெஷினை வெச்சிக்கினு இத்தினி வருஷமா பாத்துக்கினு இருந்தேன்! இதுக்குப் பாடம் வேற இருக்குதா?" என்றேன்.

"அப்போ எழுதுங்கக்கா" என்றாள்.

எனக்குப் பயம். ஏழாவதோடு நின்றவள் நான். எழுத்துப் பிழை வரும். யாராவது கோபித்துக்கொண்டால்? என் வீட்டுக்காரர் பேரைப் போடலாமா கூடாதா? இப்படியே ரெண்டு வாரம் ஓட்டினேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் பேனா ஓடுகிறது, கை பின்னால் ஓடுகிறது!

எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின விஜயபுரம் மண்டலம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் தெலுங்கு. வீட்டுக்காரர் மாடியிலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்த வருஷம், சித்தூரில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் பொம்பளைங்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மாம்பழக் கூழ் கம்பெனிகள் இருக்கிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அதன் பின்னால் இருந்த காலி இடத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி. ஈயும் மாம்பழ வாசனையும் தவிர அந்தப் பயிற்சியில் பெரிதாக ஒன்றும் ஞாபகம் இல்லை. நரசிம்முலு சாரை மட்டும் மறக்க முடியாது.

சார் மிலிட்டரியில் இருந்து வந்தவர். மீசை ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஷூவில் நம்முடைய முகம் தெரியும். அவருக்குச் சட்டம் இங்கிலீஷில் வரும், கோபம் தெலுங்கில் வரும். எங்கள் மேல் இரக்கம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அவர் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"பொம்பளை கை பொம்பளை மேல. ஆம்பளை கை ஆம்பளை மேல. இதுல அசலு டவுட்டே வரக்கூடாது."

அடுத்து நிற்கச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் கஷ்டம்! நான் கையை முன்னால் கோத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கே தெரியாது நான் அப்படி நிற்கிறேன் என்று.

"ஏமம்மா கனகவல்லி! இது கேட்டா, உன் மாமியார் வீட்டு அடுப்படியா? மோர் வேணுமான்னு கேக்க நிக்கிற மாதிரி நிக்கிறியே. காலை அகட்டி நில்லு. தாடையைத் தூக்கு. குரலை வயித்துல இருந்து எடு."

'ஆகு' என்றால் தெலுங்கில் நில். அதைக் கத்திப் பழக நான் கடலைக் கொல்லைக்குப் போனேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடெல்லாம் ஓடிப்போயின! வீட்டுக்கு வந்து மறதியாகக் காலை அகட்டி நின்றால் என் மாமியார், "இன்னா, சண்டைக்கு நிக்கிறியா?" என்பார். உடனே கை தானாக முன்னால் கோத்துக்கொள்ளும். கேட்டுக்கு ஒரு உடம்பு, வீட்டுக்கு ஒரு உடம்பு என்று ஆகிவிட்டது எனக்கு. எது நிஜம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அப்புறம் அந்தக் காக்கி பேன்ட். எங்கள் ஊரில் பேன்ட் போட்ட மருமகள் அப்போது யாருமே இல்லை. ஊரிலிருந்து புடவையில் கிளம்புவேன். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கட்டணக் கழிப்பறைக்குள் போய் பேன்ட் சட்டைக்கு மாறிக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பங்காரம்மாவிடம் புடவைப் பையைக் கொடுத்து வைத்தால் சாயந்திரம் வரை பார்த்துக்கொள்வார். முதல் ரெண்டு மாதம் பஸ்ஸில் எல்லாரும் என் இடுப்பையே பார்க்கிறார்கள் என்று நினைத்து நினைத்து வேர்த்துக் கொட்டும். ஆனால் அந்த பேன்ட்டில் எனக்கு ஒன்று ரொம்பப் பிடித்துப்போனது. பாக்கெட்! அதுவரை என் உடம்பில் எனக்கென்று ஒரு பொருளை வைத்துக்கொள்ள முந்தானை முடிச்சுதான் இருந்தது.

நான் அதிக காலம் நின்றது திருப்பதிக்கு வெளியே ரேணிகுண்டா போகிற வழியில், செல்போனுக்குள்ளே வைக்கிற சின்னச் சின்ன சாமான் செய்கிற ஒரு கம்பெனி கேட்டில். உள்ளே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், கடப்பா பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள் என்று கலந்து வருவார்கள். உள்ளே இரும்பு, வெள்ளி எதுவும் தேவையில்லாமல் போகக் கூடாது. வெளியே வரும்போது உள்ளிருந்து எதுவும் வந்துவிடக் கூடாது. கேட்டுக்கு சூப்பர்வைசராக வந்தவரும் நரசிம்முலு சார்தான். பெண்களுக்கு ரெண்டு லைன். ஒவ்வொன்றுக்கும் திரை போட்ட ஒரு கூண்டு.

வேலை முறையைச் சொல்கிறேன். முதலில் "கை வைக்கிறேம்மா" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடவே கூடாது. உள்ளங்கையால் தொடக் கூடாது, புறங்கையால்தான். தோள், கை, முதுகு, இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழே வரவேண்டும். ஒரு கையில் கரண்டி மாதிரி மெஷின், அது உலோகத்தைக் கண்டால் கத்தும். கத்தினால் என்ன என்று கேட்க வேண்டும். கழுத்தில் கத்தினால் "தாலியா?" காலில் கத்தினால் "மெட்டியா?" கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த ரெண்டுக்கும் மட்டும் அனுமதி. மற்றதெல்லாம் கழற்றி டப்பாவில் போட வேண்டும்.

அந்த மெஷின் எனக்குக் காட்டிய உலகம் இருக்கிறதே! ஒரு தங்கச்சி, புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கேட்டு வரைக்கும் வெறுங்கையோடு வருவாள். பைக்குள் இருக்கிற ரெண்டு வளையலை டப்பாவில் போட்டுவிட்டு, சாயந்திரம் திரும்பும்போது எடுத்துப் போட்டுக்கொள்வாள். "ஊரு வரைக்கும்தான்க்கா, பஸ் எறங்கறப்ப கழட்டிடுவேன்" என்பாள். கருகமணி போட்ட ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு, அதுவும் தாலி மாதிரிதான் என்று சாரிடம் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் ஜெயந்தி. நகரிப் பக்கம். கால் விரலில் மெட்டி. முதல் நாள் மெஷின் கத்தியதும் "மெட்டியா? வீட்டுக்காரர் இன்னா பண்றாரு?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். அவள் திரைக்குள் என் காதோடு சொன்னாள்.

"வீட்டுக்காரரும் இல்ல, ஒருத்தரும் இல்லக்கா. திருப்பதியில தனிப் பொண்ணுக்கு ரூம் குடுக்க மாட்டேன்றாங்க. கடையில வாங்கி மாட்டிக்கினேன். புருஷன் மெட்ராஸ்ல இருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன். யாராண்டையும் சொல்லாதீங்க!"

நான் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் அவள் காலில் மெஷின் கத்தும், நான் தலையை ஆட்டுவேன், அவள் போவாள்.

ரெண்டாவது லைனில் நின்றவள் எஸ்தர். என்னைவிட நன்றாக வேலை செய்வாள். கை பூ மாதிரி. ஆனால் அவள் லைனில் கூட்டமே இருக்காது. அவள் ஊர்க் காலனியிலிருந்து வருகிறாள் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளை ஒருத்தி சொல்லி, அது பஸ் பஸ்ஸாகப் பரவியிருந்தது. என் லைன் ரோடு வரைக்கும் நீளும், அவளுடையது காலியாகக் கிடக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே காக்கி, ஒரே மெஷின், ஒரே சம்பளம். தொடப்போகிற கை மட்டும் யாருடையது என்று பார்க்கிறார்கள். "விடுக்கா, எனக்கு வேலை கம்மி" என்று எஸ்தர் சிரிப்பாள். எனக்குத்தான் மனசு அடித்துக்கொள்ளும். ஏதாவது சொல்லப்போய் ரகளையாகிவிட்டால் என்ன செய்வது என்று வாயை மூடிக்கொள்வேன்.

இந்த இடத்தில் ஜாத்திரைக் கதையைச் சொல்லாமல் போகவே முடியாது. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் ஆம்பளைங்கள் பொம்பளை வேஷம் கட்டி வேண்டுதல் செலுத்துவார்கள் என்று எனக்குக் கேள்விதான், பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வழக்கம் கிடையாது. ஒரு வருஷம் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள எங்களில் சிலரை அனுப்பினார்கள். என்னைப் பொம்பளைங்கள் வரிசையில் நிறுத்தினார்கள். நான் காலை அகட்டி, தாடையைத் தூக்கி, சார் சொன்ன மாதிரியே நின்றேன். பச்சைப் பட்டுப்புடவை, ஒட்டியாணம், கொண்டை நிறைய மல்லிப்பூ என்று ஓங்குதாங்காக ஒரு உருவம் என் லைனுக்குள் நுழைந்தது. பார்த்தால், மஞ்சள் பூசிய முகத்தில் மீசை எடுத்த பச்சைத் தடம்!

கையைக் குறுக்கே நீட்டி வயிற்றிலிருந்து குரல் எடுத்தேன். "ஆகு! ஐயா, ஆம்பளைங்க லைன் அந்தாண்ட!"

லைனில் இருந்த பொம்பளைங்கள் எல்லாரும் என் மேல் பாய்ந்தார்கள். "ஏய், அம்மவாரையே, அந்தக் கங்கம்மாவையே நிறுத்தறியா?" "கன்னத்துல போட்டுக்கோ!" என்று ஒரே கூச்சல். அந்த உருவம் மெதுவாக என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. ஷூவில் தூசி இருந்தால் பார்க்கிற பார்வை! நரசிம்முலு சார்!

"ஈ ரோஜு நேனு ஆடதான்னி" என்றார். இன்றைக்கு நான் பொம்பளை என்று அர்த்தம். குரல்கூட வேறு மாதிரி, மெத்தென்று இருந்தது. என் கையைத் தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கொசுவத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் நிற்கிறதைவிட அழகாக, பார்க்கப் போனால், என் மாமியாருக்கே பிடிக்கிற மாதிரி நடந்தார்! மறுநாள் கேட்டில் மீசை இல்லாமல், ஷூ பளபளக்க வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை.

இனி கங்கா.

ஒரு நாள் காலையில் புத்தூர் கழிப்பறையில் நான் பேன்ட் மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், பங்காரம்மா வாசலில் ஒருவரை மறித்துக்கொண்டு நிற்கிறார். சட்டை, பேன்ட், தோளில் பை, தலைக்குத் தொப்பி. தொப்பிக்குள் முடி சுருட்டி வைத்திருந்தது.

"இது லேடீஸ்பா. கண்ணு தெரியல?"

"தெரிஞ்சிதான் வரேன் ஆன்ட்டி. அஞ்சு நிமிசம். துணி மாத்திக்கினு போயிடறேன்."

பங்காரம்மா என்னைப் பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தி பொம்பளையா உள்ள போயி ஆம்பளையா வெளிய வரா. இன்னொண்ணு ஆம்பளையா உள்ள போயி பொம்பளையா வெளிய வரணும்னுது. இது கக்கூசா, மாய மண்டபமா? போ, போயித் தொலை!"

அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. உள்ளே போனவர் ரோஸ் சுடிதாரில், பின்னலோடு, பொட்டோடு வெளியே வந்தார். வந்தாள் என்றுதான் எழுத வேண்டும். அடுத்த பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்து ஊர்தான். கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். வீட்டில் கங்காதரன்.

"அதுல 'தரன' நைனாகிட்டயே குடுத்துட்டேன்க்கா. மிச்சத்த நான் வெச்சிக்கினேன்" என்று சிரித்தாள்.

அன்றைக்குத்தான் எங்கள் கம்பெனியில் அவளுக்கு முதல் நாள். ஆபீஸில் இருந்தவர்களிடம் எதையும் மறைக்காமல் சொல்லியிருந்தாள். அவர்களும் பரவாயில்லை என்று கங்கா என்ற பேரிலேயே கார்டு கொடுத்துவிட்டார்கள். எல்லாம் யோசித்தவர்கள் கேட்டை மட்டும் யோசிக்கவில்லை. கம்பெனி எடுத்துக்கிச்சு, கேட் எடுத்துக்கல!

ஆம்பளைங்கள் லைனைச் சோதிக்கிறவன் முனிரத்தினம். "என் கையில வேணாம்பா. சுடிதார் மேல கை வெச்சேன்னு எவனாவது போட்டோ புடிச்சா என் பொண்டாட்டி சோறு போடமாட்டா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பொம்பளைங்கள் லைனில் ஜெயந்திதான் முதலில் சத்தம் போட்டாள். "அதை எங்க லைன்ல விடாதீங்கக்கா! எங்களோட கூண்டுக்குள்ள அது எப்படி வரும்?" அவள் பின்னால் இன்னும் நாலைந்து குரல். சார் வந்தார். "பொம்பளை கை பொம்பளை மேல" என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றார். முதல் தடவையாக அவருக்கே டவுட். ஆபீஸுக்குப் போன் போட்டார். அது செக்யூரிட்டி விஷயம் என்றார்கள். ஏஜென்சிக்குப் போட்டார். அது ஆபீஸ் விஷயம் என்றார்கள். பெல் அடித்துவிட்டது. கடைசியில் பையை மட்டும் பார்த்து உள்ளே விட்டார்கள், லேட் என்று போட்டுக்கொண்டு. மறுநாளும் அதே கதை, அதே லேட்.

புது ஆள் மூணு தடவை லேட்டாக வந்தால் வேலை கிடையாது என்பது கம்பெனியின் விதி. மூன்றாம் நாள் பஸ்ஸில் கங்கா சிரிக்கவில்லை.

"வேலை போச்சுன்னா வேற பாத்துக்கலாம், கவலப்படாத" என்றேன், கவலையிலேயே பிறந்தவள் நான்.

"அதில்லக்கா. நைனா பொண்ணு பாத்து வெச்சிருக்காரு. திருப்பதியில வேலை, இப்போ முடியாதுன்னு சொல்லிச் சொல்லித்தான் தள்ளிக்கினு வரேன். வேலை இல்லன்னா ஊருக்குப் போயி, முடிய வெட்டிக்கினு, மாப்பிள்ளையா உக்காரணும். அந்தப் பொண்ணும் பாவம். ரெண்டு பேரு வாழ்க்க போயிடும்க்கா."

கேட்டு வரும் வரை நான் வேண்டாத சாமி இல்லை. கேட்டில் பழையபடியே நிறுத்தினார்கள். பெல்லுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, நான் வாயை விட்டுவிட்டேன்.

"சார், ஜாத்திரையில நீங்களே லேடீஸ் லைன்ல வந்தீங்களே சார்..."

சாருக்குக் காது வரை சிவந்துபோனது. "அதி மொக்கு! வேண்டுதல்! மொக்கு வேற, டூட்டி வேற! அம்மவாரோட வெளையாடாத!"

கங்கா கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாள்: "உங்க மொக்கு வருசத்துக்கு ஒரு நாளு சார். மத்த நாள எனக்குக் குடுங்களேன்."

முனிரத்தினம் சிரித்துவிட்டான். அதனால் சாருக்குக் கோபம் இன்னும் ஏறி, தெலுங்கு கொட்டியது. என் பேச்சு காரியத்தைக் கெடுத்ததுதான் மிச்சம். அப்போதுதான் எஸ்தர் தன் கூண்டிலிருந்து கூப்பிட்டாள்.

"சார், என் லைன் காலியாத்தான் இருக்கு. இங்க அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

சாருக்கு மூச்சு வந்தது. அவர் தலையை ஆட்டுவதற்குள் ஜெயந்தி சொன்னாள்: "அதான் சார் சரி. அதுங்கள எல்லாம் அங்க விட்டுடுங்க."

அதுங்கள்.

எஸ்தரையும் சேர்த்து. எஸ்தர் முகத்தில் எப்போதும் இருக்கிற அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோய்விட்டது. கங்கா ஒரு அடி வைத்தவள், எஸ்தரைப் பார்த்து நின்றுவிட்டாள். என் வேலை, வீட்டுக்காரர் முதுகு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் வரிசையாக மனசில் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதே என் விரல் மெஷினின் அடியில் இருந்த மூடியைத் தள்ளி, அந்தச் சதுர பேட்டரியை உருவி, என் பேன்ட் பாக்கெட்டில் போட்டுவிட்டது!

"சார்! என் மெஷின் செத்துப்போச்சு சார்!" என்று கத்தினேன். குரல் வயிற்றிலிருந்துதான் வந்தது. ஆனால் நடுங்கியது.

சார் என்னைப் பார்த்தார். என் மெஷினைப் பார்த்தார். என் பாக்கெட்டைப் பார்த்தார். அவர் எப்போதும் ஒரு பேட்டரி உபரியாகச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், துணிக்குள் சதுரமாகத் தெரியும். அவர் கை அந்தப் பைக்குப் போனது. என் உயிர் என்னிடம் இல்லை. அவர் அந்தப் பையின் மூடியை இழுத்து, பட்டனைப் போட்டார்.

"அந்தரு ஒக்க லைன்!" என்று கர்ஜித்தார். எல்லாரும் ஒரே லைன். "எஸ்தர் லைன்! பத, பத! பெல் அடிக்கும்!"

அதுக்கப்புறம் யாருக்கு யோசிக்க நேரம்! லேட்டானால் எல்லாருக்கும் சம்பளத்தில் பிடிப்பு. என் லைன் அப்படியே உடைந்து எஸ்தர் பக்கம் பாய்ந்தது. கங்கா ஏற்கெனவே அந்தப் பக்கம் ஒரு அடி வைத்திருந்ததால் அவள்தான் முதல் ஆள். அவள் பின்னால் ஒரு தடித்த கடப்பா அக்கா, அதற்குப் பின்னால் ஜெயந்தி, அதற்குப் பின்னால் ஊரே நின்றது.

திரையை இழுக்கக்கூட இடம் இல்லாத நெரிசல். எஸ்தர் அவசரப்படவில்லை. "கை வைக்கிறேம்மா" என்றாள். தோள், கை, முதுகு, இடுப்பு. கால் விரலில் மெஷின் கத்தியது.

"மெட்டியா?" என்றாள் எஸ்தர், எல்லாரையும் கேட்கிற அதே மாதிரி.

"மெட்டிதான்க்கா" என்றாள் கங்கா. "கல்யாணம்லாம் இல்ல. பஸ்ஸுல ஒரசிக்கினே வரானுங்க. மெட்டியப் பாத்தா கொஞ்சம் தள்ளி நிக்கிறானுங்க."

பின்னால் இருந்த கடப்பா அக்கா தலையை நீட்டினாள். "தள்ளி நிக்கிறானுங்களா? எந்த பஸ்ஸும்மா அது? நான் பதினாறு வயசுல இருந்து மெட்டி போட்டிருக்கேன், ஒருத்தனும் தள்ளி நின்னதில்ல. நம்பர் சொல்லு, நானும் ஏறிக்கறேன்!"

லைன் முழுக்கச் சிரிப்பு. எஸ்தரும் சிரித்துக்கொண்டே, மெட்டியைக் கழற்றச் சொல்லாமல் கங்காவை உள்ளே விட்டாள். பின்னால் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்டுக் கேட்டு, அலை மாதிரி ரோடு வரைக்கும் போனது அந்தச் சிரிப்பு. நான் ஜெயந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முறை வந்தது. "கை வைக்கிறேம்மா" என்றாள் எஸ்தர். ஜெயந்தி கையை விரித்தாள். காலில் மெஷின் கத்தியது. எஸ்தர் ஒன்றும் கேட்காமல் "போம்மா" என்றாள்.

கங்கா உள்ளே கார்டைக் காட்டிய பிறகுதான் பெல் அடித்தது. கடைசியில் நின்ற கொஞ்சம் பேர் லேட்டாகி, "உன் மெஷின்ல இடி விழ!" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். எனக்கு அது வாழ்த்து மாதிரி கேட்டது!

கூட்டம் போனதும் சார் என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டினார். "பேட்டரி."

எடுத்துக் கொடுத்தேன். அவரே மெஷினில் பேட்டரியைப் போட்டு, மூடியைத் தட்டி, தன் பெல்ட் மேல் வைத்துப் பார்த்தார். கத்தியது.

"கனகவல்லி" என்றார், தமிழில். "இனிமே உன் மெஷின் சாவறதா இருந்தா முன்கூட்டியே சொல்லு."

மறுநாள் காலையில் லைனுக்கு ஒன்றாக ரோட்டுப் பக்கம் கட்டியிருந்த ரெண்டு கயிற்றில் ஒன்றை அவரே அவிழ்த்துவிட்டார். இனி பெண்களுக்கு ஒரே வரிசை. முன்னால் வந்ததும் எந்தக் கூண்டு காலியோ அதற்குள் போக வேண்டும், எஸ்தரா நானா என்று பார்க்கக் கூடாது. முனகியவர்கள் முனகினார்கள். ரெண்டு பேர் எஸ்தர் கூண்டு காலியாக இருக்கிறதென்று தெரிந்தும் ஷூ நாடா கட்டுகிற மாதிரி குனிந்து பின்னால் இருப்பவர்களை முன்னால் விட்டார்கள். எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.

அந்த வரிசையின் முனையில் கங்கா நின்றிருந்தாள். என் கூண்டு காலி. நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. பின்னால் ஜெயந்தி நிற்பது தெரிந்து, போகலாமா கூடாதா என்று துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் தகராறு வந்தால்? ஜெயந்தி கடிகாரத்தைப் பார்த்தாள், கங்காவின் முதுகைப் பார்த்தாள், கையால் ஒரு தள்ளு தள்ளினாள்.

"இன்னா வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? நகருடி! பெல் அடிக்கப்போவுது!"

கங்கா சட்டென்று திரும்பினாள். ஜெயந்திக்குத் தான் என்ன சொன்னோம் என்றுகூடத் தெரியவில்லை, ஜடையை முன்னால் இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"போறன்டி, தள்ளாத" என்றாள் கங்கா. என் கூண்டுக்குள் வந்து ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.